கொட்டை முளைக்கப் பறவையின் வயிறு வேண்டுமா?

கேட்டவரின் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: “டோடோ பறவை தின்று வெளியேற்றினால்தான் தாம்பலகோக் மரத்தின் கொட்டை முளைக்கும், அந்தப் பறவை அழிந்ததால் மரமும் அழிந்துகொண்டிருக்கிறது என்று மகளின் பாடத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு வான்கோழி வளர்கிறது. நம் மொரிஷியஸ் காட்டு மரங்களின் கொட்டைகளை அதற்குத் தின்னக் கொடுத்து, எச்சத்திலிருந்து பொறுக்கி நட்டால் நன்றாக முளைக்குமா?” வான்கோழியை விட்டுவிடுங்கள், பாவம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விதை எப்படி முளைக்கிறது என்பது ஒன்று. விதை தாய்மரத்தை விட்டு எப்படி வெளியூர் போகிறது என்பது மற்றொன்று. பாடப்புத்தகக் கதை இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது.

நான் இருபத்துமூன்று ஆண்டுகள் மேட்டுநிலத்து நாற்றங்கால் ஒன்றில், இங்குள்ளவர்கள் பெப்பினியேர் என்பார்களே அதில், இத்தீவுக்கே உரிய மரங்களை விதையிலிருந்து வளர்த்தவன். அதற்கு மேல் பட்டம் எதுவும் இல்லை. கையில் ஒரு கொட்டையைக் கொடுத்தால் எதில் ஊறவைக்க வேண்டும், எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று சொல்வேன். கொட்டைக்குள் நடக்கும் வேதியியலைக் கேட்டால் படித்தவர்களிடம்தான் அனுப்புவேன். இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டோடோ கதை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். தாம்பலகோக் நமக்கு அந்நியமான மரம் இல்லை. இலுப்பை, மகிழம், சப்போட்டா ஆகியவற்றின் குடும்பம்தான். அதன் கொட்டை மட்டும் கல். ஓடு ஒன்றரை சென்டிமீட்டர் வரை தடிப்பாக இருக்கும். 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். உயிரோடு எஞ்சியிருப்பவை 13 மரங்கள், அத்தனையும் 300 வயதைத் தாண்டியவை என்றார். டோடோவைக் கடைசியாகப் பார்த்ததாக நம்பத்தக்க பதிவு 1662ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டு கணக்கும் பொருந்தி வந்தன. டோடோவின் அரைவைப்பையில் உரசித் தேய்ந்தால்தான் அந்த ஓடு மெலியும், மெலிந்தால்தான் முளை வெளியே வரும் என்பது அவர் முடிவு. சோதனைக்கு டோடோ கிடைக்காது. வான்கோழிகளைப் பிடித்து 17 கொட்டைகளை வலுக்கட்டாயமாக விழுங்க வைத்தார். ஏழு நொறுங்கிப்போயின. பத்து முழுதாக வெளியே வந்தன. நட்டதில் மூன்று முளைத்தன. முந்நூறு ஆண்டுகளில் முளைத்த முதல் தாம்பலகோக் விதைகள் இவையாகவே இருக்கலாம் என்று எழுதினார். கேட்கச் சுவையான கதை. உங்கள் வீட்டு வான்கோழிக்கு வந்த ஆபத்தும் அங்கிருந்து கிளம்பியதுதான்.

அந்தச் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நாற்றங்காலில் புதிதாகச் சேரும் பையன்கூட அதைப் பிடித்துவிடுவான். வான்கோழி விழுங்காத கொட்டைகளையும் பக்கத்துப் பாத்தியில் நட்டு, எத்தனை முளைக்கின்றன என்று பார்த்திருக்க வேண்டும் அல்லவா? அதை அவர் செய்யவில்லை. ஒப்பிட எதுவும் இல்லாமல் பத்தில் மூன்று என்பது எதையும் காட்டாது. எதுவும் செய்யாமல் நட்டிருந்தாலும் பத்தில் மூன்றோ நான்கோ வந்திருக்கலாம்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. டெம்பிளுக்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே, 1941இல், லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஆர்தர் ஹில் இந்தக் கொட்டை முளைக்கும் விதத்தை எழுதி வைத்திருந்தார். ஓட்டைச் சுற்றி இயற்கையாகவே ஒரு பிளவுக்கோடு ஓடுகிறது. உள்ளே இருக்கும் பருப்பு நீர் குடித்து உப்பும்போது, ஓட்டின் மேல்பாதி சம்புட மூடி மாதிரி கழன்றுகொள்கிறது. அரம் போட்டுத் தேய்க்க வேண்டிய வேலையே இல்லை. 1979இல் மொரிஷியஸ் வனத்துறையைச் சேர்ந்த ஓவாடலி இதையெல்லாம் எடுத்துக்காட்டி, நூறு வயதுக்கும் குறைவான மரங்கள் காட்டில் இருக்கின்றன என்று அதே ‘சயின்ஸ்’ இதழில் மறுப்பு எழுதினார். 1991இல் விட்மர், சீக் என்ற இருவர் முழுக் கதையையும் மறுபடி ஆராய்ந்தார்கள். எஞ்சிய மரங்கள் 13 அல்ல, சில நூறு என்பதும் தெளிவாயிற்று. மறுப்புகள் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் பாடப்புத்தகத்தில் வான்கோழி மட்டும் சாகாமல் இருக்கிறது.

ஆக உறுதியானது: தாம்பலகோக் முளைக்க டோடோவின் வயிறு கட்டாயம் இல்லை. ஐயத்துக்கு உரியது: டோடோ அந்தப் பழத்தைத் தின்றதா, தின்றால் கொட்டையை முழுதாக வெளியே விட்டதா, அல்லது நொறுக்கிச் செரித்துவிட்டதா என்பது. அதன் அரைவைப்பையில் கல் இருந்தது என்று பழைய கடலோடிகள் எழுதியிருக்கிறார்கள். கல் வைத்து அரைக்கும் வயிறு விதைக்கு நண்பனாகவும் இருக்கலாம், எமனாகவும் இருக்கலாம். அந்தப் பழத்தைத் தின்றிருக்கக் கூடியவை வேறு உயிர்களும் இங்கே இருந்தன. இத்தீவில் இரண்டு வகைப் பெரிய நில ஆமைகள் வாழ்ந்தன. அகன்ற அலகுள்ள ஒரு பெரிய கிளியும் இருந்தது. இரண்டும் போய்விட்டன. பழந்தின்னி வௌவால் மட்டும் பாக்கி.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். வயிற்றுக்குள் போகாமலே முளைக்கும் என்றால், மரம் ஏன் இவ்வளவு செலவு செய்து இனிப்பான சதையைச் செய்கிறது? பழம் என்பது கூலி. தூக்கிக்கொண்டு போவதற்கான சுமைகூலி. விதைக்குள்ளே இருக்கும் உயிர் தானாகவே முளைத்துக்கொள்ளும். ஆனால் தாய்மரத்தின் காலடியில் முளைத்தால் வாழாது. அங்கே நிழல். அங்கே தாயின் வேரோடு போட்டி. அதைவிட மோசமானது, தாயைத் தின்று பழகிய பூச்சியும் பூஞ்சையும் மொத்தமாகக் குடியிருக்கும் இடமும் அதுவே. 1970, 1971ஆம் ஆண்டுகளில் டேனியல் ஜான்சன், ஜோசப் கானல் என்ற இருவர் தனித்தனியாக இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள்: தாயிடமிருந்து தள்ளிப்போகப் போக விதைகள் அடர்த்தி குறையும், பிழைக்கும் வாய்ப்பு கூடும். எல்லா மரத்துக்கும் எல்லாக் காட்டிலும் இது ஒரே அளவில் பொருந்துவதில்லை. ஆனால் மேட்டுநிலக் காட்டில் எத்தனையோ மரங்களின் கீழே, வைகாசியில் பசேலென்று முளைத்த கன்றுகள் ஆவணிக்குள் ஒன்றுகூட மிஞ்சாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரு சான்று நம் தீவிலேயே கிடைத்தது. நாவலின் உறவுக்கார மரம் ஒன்று இங்கே உண்டு. பழங்கள் கிளையில் தொங்காமல், தரையை ஒட்டிய அடிமரத்திலேயே காய்க்கும். எட்டிப் பறிக்க முடியாத ஓர் உயிருக்காக இறக்கி வைத்த மாதிரி. அந்த உயிர் ஆமையாகத்தான் இருக்க வேண்டும். 2008இல் டெனிஸ் ஹான்சன் என்பவரும் அவர் குழுவினரும் அந்தப் பழங்களை, இந்தியப் பெருங்கடலில் உள்ள அல்டாப்ரா தீவின் பெரிய ஆமைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆமை வயிற்றுக்குள் போய் வந்த விதைகளில் முளைத்தவை குறைவு. ஆம், குறைவு. ஆனால் முளைத்த கன்றுகள் மற்றவற்றைவிட உயரமாக வளர்ந்தன, இலை அதிகம், பூச்சித் தொல்லை குறைவு. தாய்மரத்தின் கீழே வைத்தவற்றில் பிழைத்தவை குறைவு. தள்ளி வைத்தவை அவற்றைவிட நன்றாகப் பிழைத்தன. முளைப்பு விகிதத்தை மட்டும் எண்ணியிருந்தால் ‘ஆமை கெடுதல் செய்கிறது’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். முளைப்பது வேறு, பிழைப்பது வேறு என்று நான் புதியவர்களிடம் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

மறுபக்கமும் உண்டு. மஹேபூர்க் அருகே கடலில் இருக்கும் ஈல் ஓ செக்ரெட் தீவுக்குப் போயிருப்பீர்கள். அங்கே கருங்காலி மரங்களை விறகுக்காக வெட்டித் தள்ளியிருந்தார்கள். வெட்டிய பகுதிகளில் கன்று முளைக்கவே இல்லை. அருகில் தாய்மரங்கள் பழுத்தும்கூட. பழத்தைத் தூக்கிச் செல்ல ஆள் இல்லை. 2000இல் அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மொரிஷியஸின் சொந்த ஆமைகள் அழிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால், இவை பதிலாள். அவை பழத்தைத் தின்று, நாள்கணக்கில் வயிற்றில் சுமந்து, வெட்டவெளிகளில் கழித்தன. அந்த இடங்களில் கருங்காலிக் கன்றுகள் கூட்டமாக எழுந்தன. இந்த மரத்தின் விதை ஆமை வயிற்றிலிருந்து வந்தபோது நன்றாகவே முளைத்தது என்று 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆக, அதே ஆமை, அதே வயிறு; ஒரு விதைக்கு முளைப்பைக் குறைத்தது, இன்னொன்றுக்குக் கூட்டியது. ‘வயிறு நல்லதா கெட்டதா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எந்த விதை, எந்த வயிறு என்று கேட்க வேண்டும். இன்னொரு செய்தி: அந்த அல்டாப்ரா ஆமைகளைக் காப்பாற்றச் சொல்லி 1874இல் மொரிஷியஸ் ஆளுநருக்குக் கடிதம் எழுதியவர்களில் டார்வினும் ஒருவர். அந்தக் கையெழுத்து இல்லாமல் போயிருந்தால் பதிலாள் தேடவும் ஆமை இருந்திருக்காதோ என்னவோ.

வயிறு விதைக்குச் செய்யும் வேலையை நாற்றங்கால் மொழியில் சொன்னால் மூன்று. சதையைக் கழுவுவது முதலாவது, அதுவே முக்கியமானதும். பழச்சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. இல்லாவிட்டால் தக்காளி விதை செடியிலேயே, பழத்துக்குள்ளேயே முளைத்துவிடும். நம் பாட்டிமார் பப்பாளி விதையை வழவழப்புப் போகத் தேய்த்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்தது சும்மா இல்லை. இரண்டாவது, கடினமான மேல்தோலைச் சற்றே அரித்து நீர் புக வழிசெய்வது. கருவேலங்காய்க்கு இது உதவும். ஆட்டுப்பட்டியில் விதை பொறுக்கி விதைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இதனால் வந்தது. மூன்றாவது, கூடவே கொஞ்சம் எரு. இந்த மூன்றையும் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சல்லடை, தேவைப்பட்டால் உப்புத்தாள், ஒரு பிடி மக்கிய உரம் ஆகியவற்றால் நாம் செய்துவிடலாம். வாளியால் செய்ய முடியாதது, விதையை மலை தாண்டிக் கொண்டுபோவது.

என் முதல் ஆண்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இயற்கையில் பழம் அப்படியே விழுகிறதே, நாமும் அப்படியே புதைப்போம் என்று நாற்பது பழங்களைச் சதையோடு தட்டில் வைத்து மண் மூடினேன். மூன்றே வாரத்தில் வெள்ளைப் பூஞ்சை பூத்து, ஊரே மூக்கைப் பிடிக்கும்படி நாறியது. ஒன்றுகூடத் தேறவில்லை. தாம்பலகோக் விஷயத்திலும் டோடோவோ ஆமையோ ஏதாவது உதவி செய்திருந்தால், ஓட்டைத் தேய்த்தது அல்ல, சதையைத் தின்று பூஞ்சை பிடிக்காமல் காத்ததுதான் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். அந்த நாற்றத்தை முகர்ந்தவன் என்ற முறையில் நானும் அந்தப் பக்கம்தான்.

வயிறே வேண்டாத விதைகளும் ஏராளம். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், நீங்களே பார்த்தவை. எருக்கம்பஞ்சு காற்றில் போகிறது. காசித்தும்பைக் காய் தொட்டால் வெடித்துச் சிதறுகிறது. நாயுருவி வேட்டியில் ஒட்டிக்கொண்டு கோயில்வரை வருகிறது. தேங்காயும் கழற்சிக்காயும் கடலில் மிதந்து கரை சேர்கின்றன. உப்புநீர் விதையைக் கொன்றுவிடும் என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில் டார்வின் 87 வகை விதைகளைக் கடல்நீரில் ஊறவைத்துப் பார்த்தார். 28 நாள் கழித்தும் 64 வகைகள் முளைத்தன. மொரிஷியஸ் எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருக்கவில்லை. கடலடியிலிருந்து எரிமலையாக எழுந்த தீவு. மனிதன் கப்பலில் கொண்டுவந்தவை நீங்கலாக இங்குள்ள எல்லா மரமும் ஏதோ ஒரு நாளில் அலையிலோ காற்றிலோ பறவையிலோ வந்திறங்கியவற்றின் வழித்தோன்றல்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரூஸ்ஸேயா என்று ஒரு செடி. உலகத்தில் மொரிஷியஸில் மட்டும் உண்டு. அதன் பூவுக்கு மகரந்தம் சுமப்பதும், பழத்தின் கூழை நக்கித் தூசி போன்ற விதைகளைப் பரப்புவதும் ஒரே உயிர், நீலவால் கொண்ட பகல்பல்லி. திருமணத்துக்கும் அவர்தான், மகப்பேறுக்கும் அவர்தான். வெளியூரிலிருந்து வந்த ஒருவகை எறும்பு பூவைச் சுற்றிக் கூடாரம் அடித்துப் பல்லியை விரட்டுகிறது. செடிக்கு ஒரே சமயத்தில் இரண்டு வாசலும் அடைபடுகின்றன. பல்லி சொன்னால் சகுனம் பார்க்கிறவர்கள் நாம். காட்டில் அந்தப் பல்லி இல்லாததுதான் கெட்ட சகுனம்.

விதையைப் பரப்பும் உயிர்கள் நல்லது கெட்டது பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் புளியும் உப்பும் மிளகாயும் தூவித் தின்னும் கோயாவ் தெ ஷீன், அந்தச் சிவப்புச் சின்னக் கொய்யா, பிரேசிலிலிருந்து வந்தது. குரங்கும் பன்றியும் பறவையும் அதைத் தின்று காடெங்கும் விதைக்கின்றன. கீழே ஒரு நாட்டுக் கன்று எழ முடியாதபடி அது அடைத்துக்கொள்கிறது. நாங்கள் களையெடுத்துக் களையெடுத்துக் கை சலித்த பிரிவெட் புதர் இலங்கையிலிருந்து வந்தது. அதன் பழத்தை விரும்பித் தின்பது நம் ஊர்ப்பக்கத்துச் செம்மீசைச் சின்னான். இங்கே கொந்தே என்பார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுவந்து விட்டது. இலங்கைப் புதரும் இந்தியப் பறவையும் மொரிஷியஸ் மலையில் சந்தித்துக் குடும்பம் நடத்துகின்றன. நம் முன்னோர் கதையும் கப்பல் ஏறி வந்த கதைதான் என்பதால் எனக்கு இதில் கோபம் முழுதாக வருவதில்லை. ஆனாலும் அரிவாளைக் கீழே வைப்பதும் இல்லை.

வௌவாலைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் லிச்சி மரம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்ததும் சண்டைக்கு வருவார்கள். 2015 முதல் அரசே ஆயிரக்கணக்கில் சுட்டது. 2018இல் அந்த இனம் அழியும் ஆபத்தில் இருப்பதாக உலகப் பட்டியலில் ஏறியது. லிச்சியைத் தின்கிறது என்பது உண்மை, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆமையும் பெருங்கிளியும் போனபிறகு, பெரிய கொட்டையை வாயில் கவ்விக்கொண்டு பறக்கக் கூடியது காட்டில் அது ஒன்றுதான். சிறு விதைகளை விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வேறு எங்கோ கழித்துவிடும். பெரிய கொட்டையைத் தூக்கிப்போய், சதையைச் சப்பிவிட்டுக் கீழே போடும். கூலி வாங்கிக்கொண்டு சுமை இறக்குகிற கடைசிக் கூலியாள் அது. நாற்றங்காலில் எத்தனை பை நிரப்பினாலும் அதன் ஓர் இரவு வேலைக்கு ஈடாகாது.

தாம்பலகோக் இன்று அரிதாக இருப்பதற்கு டோடோ மட்டும் காரணம் என்பதும் நிற்காது. டச்சுக்காரர் காலத்துக்கு முன்பிருந்தோ அதன் தொடக்கத்திலோ வந்த குரங்குகள் காயாக இருக்கும்போதே பிய்த்துப் போடுகின்றன. 1639இல் கொண்டுவந்த மான் கன்றை மேய்கிறது. பன்றி கிளறுகிறது, எலி கடிக்கிறது, கொய்யா அடைக்கிறது. காட்டை வெட்டியதைச் சொல்லவே வேண்டாம். இவற்றில் எது எவ்வளவு என்று பங்கு பிரிப்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. ஒரு பறவை, ஒரு மரம் என்ற அழகான கதை, இந்த நீண்ட குற்றப்பட்டியலை மறைத்துவிடுகிறது என்பதுதான் அதன் மேல் எனக்குள்ள வருத்தம்.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். தேசியப் பூங்காவிலிருந்து அனுமதி இல்லாமல் கொட்டை பொறுக்காதீர்கள். நாட்டு மரக் கன்றுகள் விற்கும் நாற்றங்கால்கள் இருக்கின்றன, விதையும் அங்கே கேட்டுப் பார்க்கலாம். பழம் கிடைத்தால் அன்றே சதையை முழுதாகக் கழுவி நீக்குங்கள். மெல்லிய தோலுள்ள விதையை ஒருநாள் ஊறவைத்தால் போதும். கல் போன்ற கொட்டையைச் சுத்தியால் உடைக்கப் போகாதீர்கள். நான் உடைத்தவற்றில் பருப்பு நசுங்கியதே அதிகம். பாதி மணல், பாதி மக்கிய இலை கலந்து, கொட்டையின் பருமன் அளவு ஆழத்தில் வையுங்கள். ஈரம் காயக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. சில மரங்கள் இரண்டு மாதத்தில் தலைகாட்டும், சில ஒன்றரை ஆண்டு உட்கார்ந்திருக்கும். தட்டைக் கவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள். மகளுக்கு உண்மையாகவே ஒரு சோதனை செய்து காட்ட ஆசை என்றால், பத்துப் பப்பாளி விதையைச் சதையும் வழவழப்புமாக ஒரு தொட்டியிலும், பத்தைக் கழுவித் தேய்த்து இன்னொரு தொட்டியிலும் போட்டு, தேதி எழுதி எண்ணச் சொல்லுங்கள். 1977இல் விட்டுப்போன ஒப்பீடு அதுதான். தட்டுகளுக்கு மேல் கம்பிவலை கட்டுங்கள். எலிக்கு மட்டும் இல்லை, வான்கோழியும் அந்தப் பக்கம் வரும்.